மொட்டைய ட்ராப் பண்ணிட்டேன்

மாப்ள,

மூணு மாசமா ஒரு வரி போடலேன்னு திட்டிருப்ப, திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல, பெரியவன் எட்டாவது போய்ட்டான், வீட்ல எல்லாரும் சௌக்கியம். அவ்ளோதான் வீட்டுச் சேதி. இத உங்கிட்ட சொன்னாத்தான் எனக்கு அடங்கும்.

போன வியாழக்கிழமை. ஐப்பசில கோத்தகிரி மழை எப்படிக் கொட்டும்னு உனக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தடவ கரண்ட் போச்சு, டீ ஃபேக்டரி சர்வர்ல கணக்கெல்லாம் வச்சிருக்கற டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் படுத்துருச்சு. எடை ஸ்லிப் போடற ஸ்கிரீன் வெள்ளையா நிக்குது, வெளிய இலை மூட்டைய இறக்கிட்டு சனம் நனைஞ்சுகிட்டு நிக்குது, மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாடியே நின்னு "ஆச்சா, ஆச்சா"ங்கறார். கணக்கு அக்கா தேவல, கார்பன் நோட்ட எடுத்து கையாலயே எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

ஸ்டேட்டஸ் பாத்தா பச்சை எழுத்துல ஆக்டிவ்னு காட்டுதுடா! உபுண்டுல அந்த சர்வீஸ் சும்மா ஒரு பொம்மை, பக்கத்துலயே எக்சிட்டட்னு, அதாவது முடிஞ்சு போச்சுன்னு, போட்டிருந்தத நான் கவனிக்கல. டேட்டாபேஸ் உண்மைலயே ஓடுதான்னு காட்டற பிஜி_எல்எஸ்க்ளஸ்டர்ஸ் கமாண்ட அடிச்சப்பதான் நெஜம் தெரிஞ்சுது, சிவப்புல டவுன்.

லாக்ல "டிவைஸ்ல இடமில்ல"ன்னு இருக்கு. நான் நம்பல. ரூட்டா, அதாவது சர்வர்ல முழு அதிகாரம் உள்ள யூசரா போய் நாலு எம்பில ஒரு ஃபைல் போட்டுப் பாத்தேன், ஜம்முனு விழுந்துச்சு. அப்ப இடம் இருக்கு, பெர்மிஷன்தான் கோளாறுன்னு நானே தீர்ப்பு எழுதி, கடுப்புல டேட்டா ஃபோல்டருக்கு 777, அதாவது யார் வேணா தொறக்கலாம் எழுதலாம்னு, பெர்மிஷன் குடுத்தேன் பாரு, சிரிக்காத. 700 இல்லேன்னா 750, அதுக்கு மேல தொறந்து விட்டா அது எந்திரிக்கவே எந்திரிக்காது, ஆக ஒரு கோளாறு ரெண்டாச்சு. ஒரு மணி நேரம் வீணாப் போனப்புறம் உறைச்சுது, டிஸ்க்ல ஃபைல அடுக்கி வைக்கற எக்ஸ்ட்4ல 5 சதவீத இடத்த ரூட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருப்பான். பந்தில மாப்பிள்ள வீட்டுக்குன்னு பிடிச்சு வைக்கற இலை மாதிரி. எனக்கு சோறு விழுந்துச்சு, பாவம் போஸ்ட்கிரெஸ் யூசர் பசியோட நிக்கறான்.

தேடிப் பாத்தா, டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் எழுதி வைக்கற பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 31 ஜிபி. ஒண்ணொண்ணும் 16 எம்பி, ரெண்டாயிரம் ஃபைல் கிட்ட.

மணி ஒண்ணு இருக்கும். அழிக்கற கமாண்ட டைப் பண்ணி எண்டர் மேல விரல் வச்சுட்டேன்டா, பழைய லாக் தானேன்னு. நீ அந்த டீக்கடைல கத்துனது ஞாபகம் வந்துச்சு, முன்னாடி அதோட பேரு பிஜி_எக்ஸ்லாக், லாக்னு பேர் இருக்கவே ஆளாளுக்கு குப்பைன்னு நெனச்சு அழிச்சு டேட்டாபேஸையே காவு குடுத்தானுங்க, அதனாலதான் 2017ல 10ஆம் வெர்ஷன்ல பேரையே மாத்தினாங்கன்னு. கரண்ட் போனப்ப பாதில நின்ன கணக்கெல்லாம் அதுலருந்துதான் திரும்ப எழுதணும்.

அன்னிக்கு மத்தியானம் மேல்தெருப் பாட்டி சுருக்குப்பைலருந்து ஸ்லிப்ப எடுத்து, "தம்பி, பதினெட்டு கிலோ, ஏறிருச்சான்னு பாரு"ன்னுச்சு. ஏறிருச்சு பாட்டின்னு நானே சொல்லி அனுப்புனேன். அந்த பதினெட்டு கிலோ அந்த ஃபோல்டருக்குள்ளதான் எங்கயோ இருந்திருக்கும். விரல எடுத்தப்புறமும் கை நடுக்கம் நிக்கல மாப்ள, வெளிய போய் மழைல நின்னேன் கொஞ்ச நேரம்.

அப்புறம் பெர்மிஷன 700க்கு மாத்தி, பழைய டம்ப் (பேக்கப்) மூணு ஃபைல வெளி டிஸ்க்குக்கு நகத்தினேன், ஸ்டார்ட் குடுத்தேன், அதுவே ரிக்கவரி ஓட்டி எந்திரிச்சுருச்சு. கரண்டத் திட்டுனதுதான் மிச்சம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

காரணம் கேளு. கோயமுத்தூர்ல ரெப்ளிகாவுக்குன்னு, அதாவது இதே டேட்டாபேஸோட நகல் மெஷினுக்குன்னு, அது எதுவரைக்கும் வாங்கிருக்குன்னு கணக்கு வைக்க நீ ஒரு ஸ்லாட் வச்சல்ல? அந்த மெஷின நான் மார்ச்லயே வித்துட்டேன், ஸ்லாட்டத் தூக்கல. அது என்னடான்னா அந்தப் பக்கம் வருவான் வருவான்னு ஒரு ஃபைலக்கூட விடாம சேத்து வச்சிருக்கு. இவ்ளோதான் சேக்கலாம்னு 13லருந்து ஒரு செட்டிங் இருக்கு, நாமளா வைக்கலேன்னா அளவே கிடையாது. வித்தது நான், வரம்பு வைக்காம விட்டது நீ, பாதிப் பாதி.

அந்த ஸ்லாட்டுக்கு நீ வச்ச பேரு "மொட்டை", நம்ம கூட்டாளியோட பட்டப்பேரு. ட்ராப் பண்ண அந்தப் பேரத்தான் அடிச்சேன், மாத்தத்த எல்லாம் டேட்டா ஃபைல்ல எழுதி முடிக்கற செக்பாயிண்ட் முடிஞ்சப்ப 31 ஜிபி ஒண்ணுக்குக் கீழ வந்துருச்சு. நேத்து மார்க்கெட்ல நெஜ மொட்டையப் பாத்து, உன்னத் தூக்கினதுக்கு அப்புறம்தான்டா சர்வருக்கு மூச்சே வந்துச்சுன்னேன். அந்த எண்ணூறு ரூபாய் பாக்கிய இன்னும் ஞாபகம் வச்சிருக்கான்.