சோயா உரப் பரிசோதனை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கந்தகமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சோயா மகசூலைக் கூட்டுமா என்று சோதிக்கும் ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் முடிவுகளை நம்பித்தான் நாங்கள் உர மூட்டை வாங்குகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். அம்மோனியம் சல்பேட் இட்ட பாத்தியை எதுவும் இடாத பாத்தியோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு, 'கந்தகத்தால் விளைச்சல் கூடியது' என்று எழுதாதீர்கள். அந்த உரத்தில் 24 சதவீதம் கந்தகம் இருக்கிறது, சரி. கூடவே 21 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறதே! கூடுதல் விளைச்சலுக்கு இரண்டில் எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

வழி ஒன்றும் கடினமில்லை. 100 கிலோ அம்மோனியம் சல்பேட்டில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய 46 கிலோ யூரியாவிலேயே கிடைத்துவிடும். யூரியா மட்டும் இட்ட பாத்தி ஒன்று, தழைச்சத்து இல்லாமல் கந்தகம் தரும் ஜிப்சம் மட்டும் இட்டது ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒன்று, எதுவும் இல்லாதது ஒன்று. இந்த நான்கையும் இடம் மாற்றி மாற்றிப் பல முறை அமையுங்கள். (ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தும் வருகிறது. அதையும் மறக்க வேண்டாம்.)

சோயாவில் இது ஏன் இத்தனை முக்கியம்? விதையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். அதற்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கை வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவே காற்றிலிருந்து பிடித்துத் தருகிறது. மண்ணில் நைட்ரேட் (செடி நேரே உறிஞ்சும் தழைச்சத்து வடிவம்) நிறைய இருந்தால் முடிச்சுகள் குறையும், இருப்பவையும் சோம்பிவிடும். அதனால் யூரியா போட்டதும் செடி தளதளவென்று வளர்ந்தாலும் களத்தில் எடை கூடாமல் போகலாம். கந்தகத்தின் கதை வேறு. காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கே இரும்போடு கந்தகமும் தேவை. கந்தகம் குறைந்தால் முடிச்சின் வேலையும் குறையும், செடி தழைச்சத்துக்கு ஏங்குவதுபோலவே தெரியும். எனவே பூக்கும் பருவத்தில் சில செடிகளைத் தோண்டி, முடிச்சை அறுத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளிறியது முதலில் இளம் இலையா, அடி இலையா என்றும் குறித்து வையுங்கள். இளம் இலை என்றால் கந்தகத்தையும், அடி இலை என்றால் தழைச்சத்தையும் முதலில் சந்தேகிக்கலாம்.

அப்புறம் மண். மணற்பாங்கான, கரிமப்பொருள் குறைந்த நிலத்தில் கிடைத்த முடிவைக் களிமண்காரர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. செடி உறிஞ்சும் கந்தக வடிவமான சல்பேட் நீரோடு கீழே இறங்கிவிடும் என்பதால் மேல்மண்ணை மட்டும் சோதித்தால் போதாது. தனிக் கந்தகத் தூள் இட்டிருந்தால், மண் நுண்ணுயிர்கள் அதைச் சல்பேட்டாக மாற்ற அவகாசம் வேண்டும். ஒரே பருவத்தில் 'பலனில்லை' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

முறையாக நடத்தியும் வித்தியாசமே வரவில்லை என்றால், அதையும் மண் விவரத்தோடு வெளியிடுங்கள். அதே மாதிரி மண் வைத்திருப்பவருக்கு ஒரு மூட்டைச் செலவு மிச்சம்.

இப்படிக்கு,
சோயா பயிரிடும் ஒரு விவசாயி