பத்மினிக்கு 7000 ஆர்.பி.எம். எல்லையா? ரெவ் லிமிட்டர் தயாரிப்பாளருக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
பிரீமியர் பத்மினி (1089 சிசி) கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
எலெக்ட்ரானிக் இக்னிஷன் பிரிவு.

பொருள்: நான்கு சிலிண்டர் கார்களுக்கென விற்கப்பட்ட ரெவ் லிமிட்டர் ஆறு சிலிண்டர் கணக்கில் வேலை செய்வது குறித்தும், கையேட்டில் தவறான ஆர்.பி.எம். பரிந்துரைத்திருப்பது குறித்தும்.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் ரெவ் லிமிட்டர் (எஞ்சினின் நிமிடச் சுற்று, அதாவது ஆர்.பி.எம்., வைத்த எல்லையைத் தாண்டினால் ஸ்பார்க்கை நிறுத்தும் கருவி) சேர்ந்த எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியை என் பத்மினியில் பொருத்தியிருக்கிறேன். பெட்டியின் மேல் "4 சிலிண்டர்" என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே நடப்பது அதுவல்ல.

சோதித்த முறையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொறியாளர்களும் இதையே செய்து பார்க்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், கியரை நியூட்ரலில் வைத்து, பெட்டியில் எல்லையைக் குறிக்கும் டயலை 2500-க்குத் திருப்பினேன். முதல் சிலிண்டரின் பிளக் வயரில் ஆர்.பி.எம். காட்டும் டைமிங் லைட்டை மாட்டி, ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றினேன். 2500-ல் ஸ்பார்க் நிற்கவில்லை, 3750-ல்தான் நின்றது. டயலை 2000-க்குக் குறைத்தால் 3000-ல் நிற்கிறது. இரண்டிலும் சரியாக ஒன்றரை மடங்கு.

காரணம் எளிது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றும்போது, நான்கு சிலிண்டர் என்றால் இரண்டு ஸ்பார்க், ஆறு சிலிண்டர் என்றால் மூன்று. இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணும் உங்கள் பெட்டி, மூன்று துடிப்பை ஒரு சுற்றாகக் கணக்கிடுகிறது. ஆகவே டயலில் 5500 வைத்தால் அது வேலை செய்வது 8250-ல். இந்த எஞ்சின் அந்த எண்ணை எட்டும் முன்பே உடைந்துவிடும். சுருங்கச் சொன்னால், இந்தக் காரில் லிமிட்டர் இல்லை.

வயரிங்கில் கோளாறு இருக்கலாம் என்று உங்கள் சர்வீஸ் பிரிவு சொன்னதை ஏற்க முடியாது. பிளக் வயரிலிருந்து வரும் மின் இரைச்சலோ டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க்கைத் தூண்டும் பாயின்ட் துள்ளுவதோ காரணமாக இருந்தால் பெட்டிக்குத் துடிப்புகள் கூடுதலாகத்தான் போகும். அப்போது ஸ்பார்க் குறித்த எண்ணுக்கு முன்னதாகவே, தாறுமாறாக வெட்டுப்படும். இங்கே தாமதமாக, ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் வெட்டுப்படுகிறது. இது எண்ணும் முறையில் உள்ள தவறு. சிலிண்டர் எண்ணிக்கையை மாற்றும் ஜம்பர் உள்ளே இருந்தாலும் பலகை முழுவதும் எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பதால் வாங்கியவர் தொடவே முடியாது.

"டயலைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று பிறகு வந்த பதில் இன்னும் ஆபத்தானது. டயல் 500, 500 ஆகத்தான் நகர்கிறது. 3500 வைத்தால் உண்மையில் 5250, 4000 வைத்தால் 6000. இடையில் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், நாளை வேறொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து 3500 என்று பார்த்தால், யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து நல்லெண்ணத்துடன் 5500-க்கு மாற்றுவார். பத்மினியின் டாஷ்போர்டில் டாக்கோமீட்டர் கிடையாது. என்ன நடந்தது என்று ஓட்டுபவருக்குத் தெரிய வழியே இல்லை.

இரண்டாவது புகார் கையேட்டைப் பற்றியது. "1000 முதல் 1300 சிசி வரையிலான பழைய சிறிய கார்கள்: 7000 ஆர்.பி.எம்." என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். பெட்டி பழுதில்லாமல் இருந்து, வாங்கியவர் கையேட்டை நம்பியிருந்தால் எஞ்சின் போயிருக்கும். அதனால் இதை இன்னும் கடுமையான குறையாகக் கருதுகிறேன்.

சிசியை வைத்து உச்ச ஆர்.பி.எம்.-ஐ முடிவு செய்யக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் தூரம். பத்மினியின் போர் (சிலிண்டரின் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 150 மி.மீ. நகர்கிறது. அதிகபட்ச சக்தியான 40 குதிரைத்திறன் கிடைக்கும் 4800-ல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். 5500-ல் 13.75. உங்கள் 7000-ல் 17.5. இங்கிலாந்தில் 1960-களில் வந்த 970 சிசி மினி கூப்பர் எஸ், சிசியில் இதற்கு நெருக்கமானதுதான். ஆனால் அதன் ஸ்ட்ரோக் 61.91 மி.மீ.; மேற்பரப்பைக் கடினமாக்கிய (நைட்ரைடு செய்த), அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்டு) கிராங்க்; 7000-ல்கூட பிஸ்டன் வேகம் நொடிக்கு 14.5 மீட்டருக்குள் அடங்கும். இந்த இரண்டு எஞ்சினுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

வேகத்தைவிட விசைதான் கொடியது. பிஸ்டனின் நிலைம விசை ஆர்.பி.எம்.-இன் வர்க்கத்தில் ஏறுகிறது. 5500-லிருந்து 7000-க்குப் போனால் ஆர்.பி.எம். 27 சதவீதம் கூடுகிறது; விசையோ 62 சதவீதம் கூடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதை எதிர்த்து அழுத்தும் வாயு அழுத்தம் எதுவும் இருக்காது. மேலே பறக்கப் பார்க்கும் பிஸ்டனை இழுத்து நிறுத்துவது கனெக்டிங் ராடும் அதன் இரண்டு போல்ட்டுகளும்தான். போல்ட் சற்றே நீண்டுவிட்டாலும் ராடின் அடிமூடி (கேப்) திறந்து, பேரிங் சுழன்று, ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். பல ஆண்டுகளாகக் கழற்றி மாட்டிய அதே பழைய போல்ட்டுகளோடு இன்னும் எத்தனையோ பத்மினிகள் ஓடுகின்றன.

அதற்கும் முன்னால் கைவிடுவது வால்வு. புஷ்ராடு எஞ்சினில் டாப்பெட், புஷ்ராடு, ராக்கர், வால்வு என்று இத்தனை எடையையும் வால்வைத் திறக்கும் கேமின் மீது அழுத்திப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும், சீட்டில் அடித்துத் துள்ளும், புஷ்ராடு வளையும்.

கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில்தான் நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே அது வளைய இடம் இருக்கிறது. பட்டறையில் 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் கிரைண்டிங் (தேய்ந்த கிராங்க்கை அளவு குறைத்துத் தேய்ப்பது) செய்யும்போது, பேரிங்கில் சுழலும் பகுதியான ஜர்னல் ஓரத்தின் வளைவான ஃபில்லெட்டைக் கூர்மையாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். உங்கள் கையேட்டில் இது பற்றி ஒரு வார்த்தையாவது வேண்டும்.

கையேட்டில் இருந்திருக்க வேண்டியது இதுதான்: வரலாறு தெரியாத, திறந்து பார்க்காத பத்மினி எஞ்சினுக்கு எல்லை 5000. சக்தி உச்சமே 4800-ல் வந்துவிடுவதால் இதில் இழப்பு ஏதும் இல்லை. கிராங்க்கை விரிசல் சோதனை செய்து, புதிய ராடு போல்ட், புதிய பேரிங், புதிய வால்வு ஸ்பிரிங் போட்டுக் கட்டிய எஞ்சினுக்கு 5500. ஸ்பிரிங்கை நீளம் பார்த்து மட்டும் ஏற்கக் கூடாது. பொருத்தப்படும் உயரத்துக்கு அழுத்தி, எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். 10 சதவீதம் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கேம், கார்புரேட்டர் எதையும் மாற்றாத எஞ்சினில் 5500-க்கு மேல் சத்தம்தான் ஏறும்; இழுவை ஏறாது.

பெட்டி வெட்டும் விதமும் சரியில்லை. எல்லை வந்ததும் நான்கு சிலிண்டருக்கும் ஒரேயடியாக ஸ்பார்க்கை நிறுத்துகிறது. கார்புரேட்டர் காரில் ஸ்பார்க் நின்றாலும் பெட்ரோல் வருவது நிற்காது. எரியாத கலவை சைலன்சரில் போய்ச் சேர்ந்து, ஸ்பார்க் திரும்பியதும் வெடிக்கும். பழைய சைலன்சரின் தையல் அந்த வெடிப்பில் பிளந்துவிடும். முதலில் ஒரு சிலிண்டர், பிறகு இன்னொன்று என்று மாற்றி மாற்றி ஸ்பார்க்கை நிறுத்தி, கடைசி 200 ஆர்.பி.எம்.-க்குள் முழுதாக வெட்டுவதே முறை.

"எந்த நிலையிலும் எஞ்சின் பாதுகாப்பானது" என்ற வாசகத்தையும் அட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்திருக்கும்போது கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்தால் லிமிட்டர் காப்பாற்றும். லிங்கேஜ் தேய்ந்த, ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியர் லீவரில் இது அடிக்கடி நடப்பதுதான். இந்தக் கருவி வேண்டியிருப்பதே அதற்காகத்தான். ஆனால் மலை இறக்கத்தில் டாப் கியரிலிருந்து தவறிப்போய் இரண்டாவது கியரில் விழுந்தால் எஞ்சினைச் சுற்றுவது சக்கரங்கள். அங்கே ஸ்பார்க்கை வெட்டிப் பயனில்லை. இதை அறியாதவர் பெட்டியை நம்பிக் கவனக்குறைவாக இருந்துவிடக்கூடும்.

நான் கேட்பவை இவை. நான்கு சிலிண்டருக்குச் சரியாக அமைத்து, வெளியே அனுப்பும் முன் தனி டாக்கோமீட்டரால் சரிபார்த்த பெட்டியை மாற்றித் தர வேண்டும். இயலாவிட்டால் முழுத் தொகையையும் பொருத்திய கூலியையும் திருப்பித் தர வேண்டும். இதே தயாரிப்புத் தொகுதியில் (பேட்ச்) வந்த பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கு, 2500-ல் வைத்துச் சோதிக்கும் முறையை உடனே எழுத்தில் அனுப்ப வேண்டும். அவர்களில் எத்தனை பேர் டயலை நம்பி மிதித்துக்கொண்டிருக்கிறார்களோ என்பதே என் பெரிய கவலை. 7000 என்ற வரியை நீக்கி, ஸ்ட்ரோக், வால்வு அமைப்பு, எஞ்சினின் நிலை ஆகியவற்றை வைத்து எல்லையைக் கணக்கிடும் முறையைக் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளில் உள்ள குறைக்கு மட்டுமல்லாமல், போதிய பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் தராததற்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

இணைப்பு: ரசீது நகல், டயலும் டைமிங் லைட்டும் ஒன்றாகத் தெரியும் படங்கள், கையேட்டின் அட்டவணைப் பக்க நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்