மாலேல வேலை பாக்குற என் மகளுக்கு, அந்த ஊர் ஃபுட்பால் டீமைப் பத்தி

பாப்பாவுக்கு அப்பா எழுதுறது,

போன்ல பேச ஆரம்பிச்சா அம்மா வாங்கிக்கிடுதா, அதான் வாட்ஸ்அப்லயே நீளமா எழுதுறேன், டியூட்டி முடிஞ்சு சாப்ட்டுட்டு நிதானமா படி. ஞாயித்துக்கிழமை நீ சொன்னல்ல, ஆஸ்பத்திரி வார்டுல கூட இருக்கற மாலத்தீவு பிள்ளைங்க எந்நேரமும் ஃபுட்பால் பேச்சுதான், இத்துனூண்டு ஊரு, அதுக்கு ஒரு டீமு, அதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமான்னு. அந்தப் பேச்சு எனக்கு மனசுக்கு ஒப்பல. தூத்துக்குடில இருந்து வெங்காயமும் காய்கறியும் செங்கலும் ஏத்திக்கிட்டு நான் தோணில மாலே போன காலத்துல இருந்து அந்த டீமைக் கவனிச்சுட்டு வர்றேன், நீ இப்ப அவங்க மத்தியில இருந்து சம்பாதிக்கிற, அவங்களுக்கு எது பெருசுன்னு தெரிஞ்சுக்கிட்டு இருக்கணும்.

மொதல்ல எடத்தைப் பாரு. சுமார் 1200 தீவு, அதுல ஊர் சனம் குடியிருக்கறது 200க்குள்ளதான், பாதிக்கு மேல தீவுல காலாற நடந்தா அரைமணி நேரத்துல ஊரு முடிஞ்சு கடல் வந்துரும். நீ இருக்கற தலைநகர் மாலே ரெண்டு சதுர கிலோமீட்டர் தான் இருக்கும், வீட்டு மேல வீடு, பைக் நிறுத்தக்கூட எடம் இல்ல, அந்த நெருக்கடிக்குள்ளயும் நட்ட நடு ஊருல கலொலு ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு மட்டும் எடம் விட்டு வச்சிருக்கான் பாரு, அந்த மண்ணு என்ன விலை போகும்னு யோசிச்சுப் பாரு, அதுல ஒரு பத்து மாடி கட்டிடம் எழுப்பி வாடகைக்கு விடணும்னு அவனுக்குத் தோணல.

அவங்க நாட்டு டீமா மொதமொதலா எறங்கி ஆடுனது 1979ல, ரீயூனியன் தீவுல நடந்த இந்தியப் பெருங்கடல் தீவுகள் போட்டில. மொத மேட்சே செஷல்ஸ் கிட்ட 9-0 தோல்வி. செஷல்ஸும் தீவுதான், பெரிய நாடு ஒண்ணும் கிடையாது. அப்புறம் 1982ல ஃபுட்பால் சங்கம் ஆரம்பிச்சு 1986ல ஃபிஃபால சேந்தாங்க.

இப்ப நான் சொல்லப்போறதைத்தான் நீ நல்லா மனசுல வச்சுக்கணும். 1997, ஃபிரான்ஸ்ல நடக்கப்போற வேர்ல்ட் கப்புக்கு தகுதிச் சுற்று. ஈரான், சிரியா, கிர்கிஸ்தான் கூட ஒரே க்ரூப்புல போட்டுட்டாங்க. ஈரான் கிட்ட 17-0, கரீம் பாகேரின்னு ஒருத்தன் தனியா ஏழு கோல் போட்டான். சிரியா கிட்ட ரெண்டு தடவையும் 12-0. மறுபடி ஈரான் 9-0. கிர்கிஸ்தான் கிட்ட 3, அப்புறம் 6. மொத்தம் ஆறு மேட்ச், வாங்குனது 59 கோல், போட்டது ஒண்ணு கூட இல்ல. வேற டீமா இருந்தா ஒதுங்கிருப்பாங்க, இவங்க அதே வருஷம் செப்டம்பர்ல காத்மாண்டுல நடந்த தெற்காசியப் போட்டிக்குப் போயி ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க பாப்பா! ஜூன்ல 17 வாங்குன டீம் அது. ஃபைனல்ல நம்ம இந்தியா 5-1ன்னு ஜெயிச்சது உண்மைதான், ஆனா அந்த மூணு மாசத்துல அந்தப் பசங்க மறுபடி பூட்ஸ் மாட்டிக்கிட்டு எறங்குனாங்களே, அதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கு. 2003ல டாக்காலயும் ஃபைனல், பங்களாதேஷ் சொந்த ஊருல 1-1, பெனால்டில போச்சு.

அடுத்தது 2004 மார்ச் 31, அன்னைக்கு எங்க தோணி மாலே துறைமுகத்துலதான் கெடந்துச்சு. 2006 வேர்ல்ட் கப்புக்கான தகுதிச் சுற்று மேட்ச், தென் கொரியா வந்திருக்கு. 2002 வேர்ல்ட் கப்புல செமிஃபைனல் வரைக்கும் போன டீம், இத்தாலியையும் ஸ்பெயினையும் வெளிய அனுப்புன டீம். காலைல இருந்தே ஊருல யாருக்கும் வேலைல கவனம் இல்ல, எங்க சரக்கு எடுக்க வர்ற மொதலாளி பில்லுல கையெழுத்து போடும்போதே ஸ்டேடியம் பக்கம் பாக்குறாரு. டிக்கெட் எங்களுக்கு எங்க கெடைக்கும், வெங்காய மூட்டையெல்லாம் ஜெட்டில அடுக்கி வச்சுட்டு தோணி ஓட்டுற தண்டல் கிட்ட சொல்லிட்டு பக்கத்து கடைல போயி நின்னோம், ரேடியோ வச்சிருந்தான், அவங்க ஊரு திவேஹி பாஷைல கமெண்ட்ரி, எங்களுக்குப் புரிஞ்சது ஆளுங்க பேரும் கொரியாங்கிற சொல்லும் மட்டும்தான். ரேடியோவுல சத்தம் வர்றதுக்கு முந்தியே ஸ்டேடியத்துல இருந்து சத்தம் நேராவே வந்துரும், ஊரு அவ்ளோ கிட்டக்க. கொரியாக்காரன் பந்தைக் கொண்டுட்டு வரும்போதெல்லாம் கடைக்காரன் டம்ளரைக் கழுவாம கைல புடிச்சுக்கிட்டே நிக்கான். கடைசி விசில் அடிச்சப்ப 0-0. அப்ப எழும்புன சத்தம் இருக்கே, அந்தக் கடைக்காரன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான், பேரு கூட எனக்குத் தெரியாது. ராத்திரி பூரா பைக்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு தீவைச் சுத்திச் சுத்தி வந்தாங்க, ஒரு சுத்துக்கு கொஞ்ச நேரம்தான் ஆகும், அதனால போனவனே திரும்பத் திரும்ப வந்துட்டிருந்தான். அந்த ட்ரா முடிஞ்சு கொஞ்ச நாள்ல கொரியா கோச் கொயெல்லோ, போர்ச்சுகல்காரர், அவருக்கு வேலையே போச்சு. அதே தகுதிச் சுற்றுல மாலத்தீவுக்காரங்க மங்கோலியாவை 12-0, வியட்நாமை மாலேல வச்சு 3-0ன்னு ஜெயிச்சிருக்காங்க. 59 வாங்குன டீமுக்கு ஏழே வருஷத்துல இது.

அந்த காலத்துல மேல வந்தவன்தான் அலி அஷ்ஃபாக், தகண்டேன்னு கூப்புடுவாங்க, உன் வார்டுல யார் கிட்ட வேணும்னாலும் அந்தப் பேரைச் சொல்லிப் பாரு, மொகம் மாறும். நாட்டுக்காக 50 கோலுக்கு மேல போட்டவன். 2013ல காத்மாண்டுல ஸ்ரீலங்காவை 10-0 அடிச்சப்ப அதுல ஆறு இவன் போட்டது. எனக்கு ரொம்பப் புடிச்ச ஆட்டக்காரன். பெரிய நாட்டுல பொறந்திருந்தா உலகத்துக்கே தெரிஞ்சிருப்பான்னு நான் நெனைக்கிறேன்.

2008 தெற்காசியக் கப்பு கதைய அவங்களே உனக்குச் சொல்லுவாங்க. மாலேலயும் கொழும்புலயும் சேந்து நடந்துச்சு, ஃபைனல் கொழும்பு சுகததாச ஸ்டேடியத்துல ஜூன் 14, எதிர இந்தியா. 87வது நிமிஷம் முக்தார் நசீர் ஒரு கோல், 1-0, கப்பு தீவுக்குப் போயிடுச்சு. அதே இந்தியா டீம்தான் ரெண்டு மாசத்துல டெல்லில ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கப், அதாவது ஆசிய ஃபுட்பால் சங்கம் நடத்துன கப்பை ஜெயிச்சது, அதனால ஏதோ சோப்ளாங்கி டீமை ஜெயிச்சாங்கன்னு யாரும் சொல்ல முடியாது. மறுவருஷம் டாக்கா ஃபைனல்ல இந்தியா பெனால்டில திருப்பிக் குடுத்துச்சு.

2014ல அதே சேலஞ்ச் கப்பை அவங்களே நடத்துனாங்க, மாலேலயும் தெக்க அட்டூலயும். செமில பிலிப்பைன்ஸ் கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 3-2 போச்சு, மூணாவது எடத்துக்கு ஆஃப்கானிஸ்தானை பெனால்டில ஜெயிச்சாங்க.

2018 கதை வேற மாதிரி. டாக்காலதான் அந்தத் தெற்காசியப் போட்டி. கோச் பேரு பீட்டர் செகர்ட், அஷ்ஃபாக்கையே டீம்ல எடுக்கல, ஊரே கொதிச்சுப் போச்சு. க்ரூப்புல ஸ்ரீலங்கா கூட 0-0, இந்தியா கிட்ட 0-2. ஸ்ரீலங்காவுக்கும் அச்சு அசலா அதே கணக்கு, பாயிண்டும் சமம் கோலும் சமம், யாரை செமிக்கு அனுப்புறதுன்னு கடைசில காசு சுண்டி டாஸ் போட்டாங்க, மாலத்தீவுக்கு விழுந்துச்சு. ஒரு கோல் கூட போடாம செமிஃபைனல்! அங்க நேபாளத்தை 3-0. ஃபைனல்ல இந்தியாவை 2-1, மஹூதீ ஒண்ணு, அலி ஃபாசிர் ஒண்ணு, இந்தியா கடைசி நிமிஷத்துல ஒண்ணு திருப்புச்சு, அவ்ளோதான். நாம அனுப்புனது பெரும்பாலும் சின்னப் பசங்க டீம்தான்னு இங்க பேசுனாங்க, இருக்கட்டும், அஞ்சு லட்சம் சனத்துல இருந்து பதினோரு பேரைப் பொறுக்குறவன் கிட்ட 140 கோடி நாட்டுக்காரன் அந்தக் கணக்கைச் சொல்லக் கூடாது.

இப்ப கொஞ்ச வருஷமா டீம் நல்லா இல்ல. 2021ல மாலேலயே நடந்த தெற்காசியப் போட்டில இந்தியா கிட்ட 3-1 தோல்வி, நம்ம இந்தியா டீம் சுனில் சேத்ரி ரெண்டு போட்டான். 2025 மார்ச்ல ஷில்லாங்ல 3-0, ரிட்டயர் ஆகிட்டுத் திரும்பி வந்த சேத்ரி அதுலயும் ஒண்ணு. நீ அங்க போயி இந்தியா ஜெயிச்சதைச் சொல்லி அந்தப் பிள்ளைங்கள வம்புக்கு இழுக்காத என்னா.

ஆபீஸ் ஆபீஸா டீம் சேத்து ஆடுற க்ளப் மால்தீவ்ஸ் கப்னு ஒண்ணு நடக்கும், ராத்திரி லைட் போட்டு சின்ன கிரவுண்டுல, உங்க ஆஸ்பத்திரி ஆளுங்களும் அதைப் பாக்கப் போவாங்க, கூப்புட்டா தூக்கம் வருதுன்னு சொல்லாம போயிட்டு வா. கலொலுல நாட்டு டீம் ஆடுற மேட்ச் எப்பன்னு விசாரிச்சு ஒரு டிக்கெட் வாங்கு, நான் அந்த ஸ்டேடியத்துக்கு உள்ள போனதே இல்ல, உள்ள இருந்து எனக்கு வீடியோ கால் போடு, எந்நேரமா இருந்தாலும் எடுக்கேன். வரும்போது அம்மாவுக்கு மாசிக் கருவாடு ரெண்டு கிலோ, நல்லா கல்லு மாதிரி காஞ்சதாப் பாத்து வாங்கு.

அப்பா

உன் கூட வேலை பாக்குறவங்கள்ல யாராவது 2004 கொரியா மேட்ச்சை நேர்ல பாத்தவங்க இருந்தா, அவங்க அப்பா அம்மாவா இருந்தாலும் சரி, உள்ள எப்படி இருந்துச்சுன்னு கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு.