ஆட்சியர்களே, எழுதியவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும், வருவாய் அலுவலர்களுக்கும், கோட்டாட்சியர்களுக்கும் வணக்கம்.

‘எங்கள் மத உணர்வைப் புண்படுத்திவிட்டார்கள்’ என்று ஒரு கூட்டம் மனுவோடு வந்து அலுவலக வாசலில் நின்றால், நீங்கள் உடனே அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறிக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எல்லாப் பேச்சுவார்த்தையையும் சொல்லவில்லை. பிள்ளையார் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, சந்தனக்கூடு அன்று பஸ்ஸை எப்படித் திருப்பி விடுவது, எத்தனை மணிக்கு ஒலிபெருக்கியை அணைப்பது என்பதையெல்லாம் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பதில் நம் வருவாய்த்துறைக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. அதனால் கலவரம் இல்லாமல் தப்பிய ஊர்கள் இருக்கின்றன, அதற்கு நன்றி. ஆனால் அங்கே இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, விட்டுக்கொடுக்க இரண்டு பேரிடமும் ஏதாவது இருக்கிறது. ஊரையே கடையடைக்க வைக்கும் கூட்டம் ஒரு பக்கம், தனி ஆளாக ஒரு எழுத்தாளர் மறுபக்கம் என்றால் அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவரிடம் விட்டுக்கொடுக்க இருப்பது அவர் எழுதியது மட்டும்தான்.

நாமக்கல்லில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. 2010இல் வெளியான ‘மாதொருபாகன்’ நாவலுக்கு, நான்கு வருஷம் கழித்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. பிரதிகளை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாவலை எழுதிய பெருமாள்முருகனை ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். வருத்தம் தெரிவிப்பதாக எழுதித் தர அவர் தயாராகத்தான் இருந்தார். அது போதாது, நிபந்தனையற்ற மன்னிப்பு என்று இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது போராட்டக்காரர்கள் மட்டுமல்ல, அதிகாரியும்தான். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதி வாங்கினார்கள். அவர் அரசுக் கல்லூரி ஆசிரியர், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அவருக்குச் சம்பளம் தரும் அதே அரசு. அந்த அறையில் அவர் எப்படி மறுத்திருப்பார்? தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அதன்பின் அவர் அறிவித்ததைப் படித்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் எட்டிய முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். ஒரு புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கிப் போடுங்கள், படித்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார்கள். தெளிவாகத்தானே இருக்கிறது? அப்புறமும் ஏன் பழைய பழக்கம் போகமாட்டேன் என்கிறது?

திருச்செங்கோட்டில் எதிர்த்தவர்கள் எல்லோரும் நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரை, எங்கள் பாட்டிமார்களைத் தப்பாக எழுதிவிட்டார் என்று நிஜமாகவே மனம் நொந்தவர்கள் அதில் இருந்திருப்பார்கள். அவர்கள் மறுப்பு எழுதலாம், கூட்டம் போட்டுத் திட்டலாம், வழக்குப் போடலாம். சட்டமும் இருக்கிறது. மத உணர்வை அவமதிப்பதற்கு எதிராக 1927இல் வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 295ஏ பிரிவு, இன்றைக்கு அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு அவமதித்தால்தான் அது குற்றம். தெரியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது இதில் வராது என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கைக் கையில் எடுக்கவும் முடியாது. சட்டம் இவ்வளவு கவனமாக வேலி போட்டிருக்கும்போது, ஒரே ஒரு பிற்பகலில் உங்கள் அறையில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள்.

இதில் எந்த மதமும் விலக்கில்லை. 2006இல் கிறிஸ்தவர்கள் மனம் புண்படும் என்று ‘டாவின்சி கோட்’ படத்தை நிறுத்தி வைத்தது தமிழக அரசு, நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த ஆணையை ரத்து செய்தார். 2013இல் ‘விஸ்வரூபம்’ படம். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, மாவட்டம் மாவட்டமாக 144 போட்டீர்கள், அத்தனை தியேட்டருக்கும் காவல் போட போலீஸ் போதாது என்று அரசே கைவிரித்தது. கடைசியில் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து எந்தெந்தக் காட்சியை வெட்டுவது, எங்கே ஒலியை நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு சொல்லக் கூடாது, பேச்சுரிமையைக் காப்பது அதன் கடமை என்று 1989இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்துக்காக வந்த வழக்கில். எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி பணிந்து போவதை மதச்சார்பின்மை என்று நீங்கள் நம்புகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு கூட்டத்துக்குப் பணிந்தால், ‘அவனுக்குச் செய்தீர்களே, எங்களுக்கு ஏன் இல்லை’ என்று அடுத்த கூட்டம் கேட்கும். கேட்கத்தான் செய்யும்.

அப்புறம், ஒரு மதத்தின் சார்பில் உங்கள் அறைக்குள் வந்து உட்காருவது யார்? தக்கலையில் கவிஞர் எச்.ஜி.ரசூலை 2007இல் ஜமாத் ஊர்விலக்கம் செய்தது. அவரும் முஸ்லிம்தான், தன் மரபுக்குள் நின்று கேள்வி கேட்டவர். பேச்சுவார்த்தைக்கு அழைப்பு போவது அப்படி விலக்கி வைக்கப்பட்டவருக்கா, விலக்கி வைத்தவர்களுக்கா? தலைவர்களை மட்டும் கூப்பிட்டு ‘சமூகத்தின் உணர்வு’ என்று பதிவேட்டில் எழுதும்போது, அந்தச் சமூகத்துக்குள்ளேயே வேறு மாதிரி நினைக்கிறவர்களின் வாயையும் சேர்த்துத்தான் அடைக்கிறீர்கள்.

பெரிய பெயர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்கள். சின்ன ஊர்களில் நடப்பது வெளியே தெரிவதில்லை. எங்கள் ஊரில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியீட்டுக்கு அனுமதி கேட்டுப் போனபோது, ‘எந்த மதத்தினர் மனமும் புண்படாது என உறுதி கூறுகிறேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தொகுப்பில் ஒரு கவிதை இருந்தது. ‘கொடைக்குக் கொடை கிடா வெட்டினேனே, என் பிள்ளையக் காப்பாத்தாம விட்டுட்டியே’ என்று சுடலைமாடன் பீடத்தின் முன்னால் மண்ணை வாரி இறைக்கும் ஒரு கிழவி. நெல்லைப் பக்கம் சாமியோடு அப்படிச் சண்டை போடாத பாட்டி உண்டா? அது பக்தி இல்லாமல் வேறென்ன? எழுதிய பையனோ, யாராவது பிரச்சினை பண்ணினால் எல்லோருக்கும் சங்கடம் என்று மேடையில் அந்தக் கவிதையை வாசிக்காமலே இறங்கிவிட்டான். யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வருஷா வருஷம் சுடலைமாடன் கோவில் கொடை விழாவுக்குப் போகிறவர்கள்.

‘அந்த மதத்துக்காரன் கடையில் வாங்காதே’, ‘அவனை ஊரைவிட்டுத் துரத்து’ என்று ஒருவன் மைக் பிடித்துப் பேசினால், அது வேறு. அங்கே ஆபத்து பக்கத்து வீட்டில் இருக்கும் மனிதருக்கு. தயவுசெய்து ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வழக்குப் போடுங்கள். சாமியைப் பற்றிய ஒரு வரிக்குக் காட்டும் வேகத்தை அங்கேயும் காட்டினால் போதும்.

அடுத்த மனு வரும்போது என்ன செய்யலாம் என்று என் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். எழுதியவரை, வரைந்தவரை, நாடகம் போட்டவரை உங்கள் அலுவலகத்துக்கு வரவழைக்காதீர்கள், அவர் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரரை நிறுத்துங்கள். மனுக் கொடுத்தவர்களுக்கு ஒப்புகை கொடுத்து, நீதிமன்றத்துக்குப் போகும் வழியைச் சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதம், உறுதிமொழிக் கடிதம் எதையும் வாங்காதீர்கள். ஒரு நிகழ்ச்சியைத் தடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால் வாய்மொழியாகச் சொல்லாமல் காரணத்தோடு எழுத்தில் ஆணை போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்க்கொள்கிறோம்.