திரும்பி வந்த கட்டுமரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவுகளுக்கிடையே ஓடும் விரைவுப் படகு ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தி, முதல் பத்தியில் அதைக் ‘கேட்டமரான்’ என்றும், அடுத்த பத்தியில் ‘இந்தக் கட்டுமரத்தில் 200 பேர் பயணம் செய்யலாம்’ என்றும் குறிப்பிட்டிருந்தது. கடலுக்குப் போய் ஓய்ந்த என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதை வாசித்துக் காட்டினேன். “இருநூறு பேரா? எத்தனை மரம் போட்டுக் கட்டினானாம்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. கட்டுமரம் என்றால், அணியப் பக்கம், அதாவது முன்புறம், மேல்நோக்கிச் செதுக்கிய இலேசான மரங்களை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைப்பார்கள். நனைந்த மரம் கனத்துவிடும். வள்ளத்தில் தண்ணீர் புகுந்தால் இறைக்க வேண்டும். கட்டுமரத்திலோ இறைப்பதற்குத் தண்ணீர் தங்குவதே இல்லை, ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். இதில் ஏறுகிறவர் மரத்தின் மேல்தான் இருக்கிறாரே தவிர, எதற்கும் உள்ளே இருப்பதில்லை.

ஆங்கிலேயர் கட்டுமரம் என்ற பெயரைத் தம் மொழியில் (catamaran) எடுத்துக்கொண்டபோது பொருளையும் சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1697இல் வெளியான தம் பயண நூலில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் ஒன்றிரண்டு மரங்களால் ஆன மிதவைகளுக்கு இப்பெயர் வழங்குவதைக் குறித்து, அதில் இருப்பவர் தொலைவிலிருந்து பார்க்க மீனின் முதுகில் உட்கார்ந்திருப்பவர் போலத் தோன்றுவார் என்று எழுதினார். பிறகு சொல் தன் போக்கில் அலையத் தொடங்கியது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைத் தகர்க்க அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் ஆங்கிலேயர் இப்பெயரையே சூட்டினர். அந்தத் தாக்குதலால் பெரிய சேதம் ஒன்றும் விளையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பேச்சு வழக்கில் சண்டைக்காரப் பெண்ணையும் இச்சொல்லால் ஏசினார்கள். சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலப் பூனையின் ஒலி இருப்பதால் ‘சீறுகிறவள்’ என்ற எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். கடைசியில், 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப், இணையாக நிற்கும் இரண்டு ஒடுங்கிய உடல்களை ஒன்றாகப் பிணைத்த ‘அமாரில்லிஸ்’ என்ற பாய்மரப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினார். இன்று உலகம் இப்பெயரால் அறிவது அந்த வகைப் படகைத்தான்.

இரட்டை உடல் என்ற அமைப்போ பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்களுடையது. ஆகவே, உலகின் அதிவேகப் படகைத் தமிழர் கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மிடமிருந்து போனது பெயர் மட்டுமே.

உச்சரிப்புக்கு வருகிறேன். ‘கட்டு’ என்பதன் அழுத்தமான இரட்டை டகரம் ஆங்கில நாவில் ஒற்றை ஒலியாக மெலிந்தது. குற்றியலுகரமோ நாமே பாதி மாத்திரைதான் கொடுக்கிற ஒலி. அது தெளிவற்ற ஓர் அகரமாகத் தேய்ந்ததில் வியப்பில்லை. இறுதி மகரம் னகரமானது. மரம், மரன் என இரண்டும் வழங்குவதை நன்னூல் ஏற்கிறது என்றாலும், அந்த மாலுமிகள் நன்னூல் பாடம் கேட்டவர்கள் அல்லர்! ஆங்கிலத்தில் அழுத்தம் விழுவது கடைசி அசையில். ஆனால் அதன் உயிரொலி பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் உள்ள அதே ஒலியே ஒழிய நெடில் ஆகாரம் அன்று. ஆகவே, செய்தியில் கண்ட ‘மரான்’ தமிழுக்கும் பொருந்தவில்லை, ஆங்கிலத்துக்கும் பொருந்தவில்லை.

அப்படியானால் எப்படி எழுதுவது? ‘கேட்டமரான்’ வேண்டாம் என்பதற்காகக் ‘கட்டுமரம்’ என்று மீட்டு எழுதுவதும் பிழைதான், பெரியவரின் கேள்வியே அதற்குச் சான்று. போன சொல் வேறு பொருளோடு திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பொருளுக்கு ‘இரட்டையுடல் படகு’ என்று எழுதினால் படிப்பவர் கண்முன் படகின் உருவமே தெரியும். மூன்று உடல்கள் உள்ளதை ஆங்கிலத்தில் ‘டிரைமரன்’ என்கிறார்கள். கட்டு கழன்று, நம் மரம் மட்டும் அங்கே ஒரு விகுதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ‘மூவுடல் படகு’ எனலாம். பைபர் படகுகள் பெருகிய பிறகு எங்கள் கரையில் கட்டுமரங்கள் அருகிவிட்டன. எஞ்சியுள்ள சிலவற்றுக்காவது அவற்றின் பெயரைத் தனியே விட்டுவைக்குமாறு தங்கள் செய்திப் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்