ஃபேஜ் வைரஸ்ல எந்த வகைன்னும் சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளுக்கு இனிமே ஃபேஜ் வைரஸ்தான் மருந்துன்னு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், இத பத்தி தமிழ்ல எழுதுனதுக்கே பெரிய நன்றி, ஆனா "பாக்டீரியாவை கொல்லும் வைரஸ்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்களே, அது பாதி விஷயம்தான் சார். எல்லா ஃபேஜும் உள்ள போன உடனே கொல்றதில்ல.

லாம்டான்னு ஒரு ஃபேஜ் இருக்கு, ஈ.கோலைங்கற குடல் பாக்டீரியாக்குள்ள இருக்குன்னு 1951ல எஸ்தர் லெடர்பெர்க்ங்கற விஞ்ஞானி அறிவிச்சாங்க (அந்தம்மா பேர பெருசா யாரும் சொல்றதே இல்ல, அது தனி வருத்தம்). அது உள்ள போனா ஒண்ணு, தன்னையே காப்பி எடுத்து பெருக்கி ஒரு மணி நேரத்துக்குள்ள செல்ல உடைச்சிட்டு வெளிய வரும், இல்லன்னா தன்னோட டிஎன்ஏவ பாக்டீரியா டிஎன்ஏவுலயே, கேலக்டோஸ் ஜீனுக்கும் பயோட்டின் ஜீனுக்கும் நடுவுல ஒட்ட வச்சிட்டு தலைமுறை தலைமுறையா கம்முனு கிடக்கும். அப்படி அடக்கி வைக்கறது சிஐங்கற புரோட்டீன், 1967ல மார்க் டாஷ்னி பிரிச்சு எடுத்தாரு. அது ஃபேஜ் டிஎன்ஏல ரெண்டு பகுதில உக்காந்து, கொல்ற ஜீன்கள ஆஃப் பண்ணும், அதே நேரத்துல தன்னோட ஜீன ஆன்லயே வச்சுக்கும். புற ஊதா கதிர் பட்டு பாக்டீரியா டிஎன்ஏ அடிபட்டா ரெக்ஏன்னு இன்னொரு புரோட்டீன் உசுப்பிவிட்டு இந்த சிஐ ரெண்டா உடையும், உடனே க்ரோன்னு எதிராளி புரோட்டீன் வந்துரும், அப்புறம் செல் அவ்ளோதான். எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இது ஆச்சரியம் தீரல.

இதுல கவலப்பட வேண்டியது, ஒளிஞ்சிருந்த ஃபேஜ் வெளிய வர்றப்ப சில சமயம் வெட்டு தப்பி பக்கத்துல இருக்கற பாக்டீரியா ஜீனையும் தூக்கிட்டு அடுத்த பாக்டீரியாவுக்கு போயிடும். அதவிட மோசம், ஃபேஜே விஷ ஜீன கொண்டு வர்றது. காலரா கிருமியோட விஷத்துக்கான ஜீன் ஒரு ஃபேஜோடதுன்னு 1996ல வால்டர், மெகலனோஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க காட்டுனாங்க, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) விஷமும் அப்படித்தான், அந்த ஃபேஜ் இல்லாத கிருமிக்கு அந்த விஷத்த உண்டாக்கவே தெரியாது.

அதனாலதான் சிகிச்சைக்கு ஒளிஞ்சுக்கற வகைய தவிர்த்துட்டு, கொல்ற வகைய மட்டும் தேடி, அதோட மொத்த ஜீன் தொகுப்பையும் (ஜீனோம்) படிச்சு, விஷ ஜீனோ பாக்டீரியா டிஎன்ஏல ஒட்டிக்கிற ஜீனோ இல்லன்னு பாத்து எடுக்கறாங்க. கட்டுரைய படிச்சிட்டு ஏதோ ஒரு ஃபேஜ் மருந்த ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி குடிக்கிற ஆளும் நம்மள்ல இருப்பாங்க சார், ஒரு மைக்ரோபயாலஜி ஆசிரியர்கிட்ட பேசி இந்த ரெண்டு வகைய பத்தி அடுத்த வார அறிவியல் பக்கத்துல அரைப்பக்கமாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்