இரண்டாம் தவணை முடிவும் கொலோன் பேராலயப் பயணமும்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. பேச்சுப்போட்டி, விளையாட்டுப்போட்டி எல்லாம் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. பங்குபற்றிய பிள்ளைகள் அனைவருக்கும் பாராட்டு.

சரி, ஜேர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்துக்குப் போன பயணத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை அதிகம் கவர்ந்தது ஒரு மரப் பாரந்தூக்கியின் கதை. 1248இல் தொடங்கிய கட்டட வேலை 1560 அளவில் நின்றுபோனது. அரைகுறையாக நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த பாரந்தூக்கி 1868 வரை அங்கேயே நின்றது. "ஒருத்தரும் கழற்றேல்லையா சேர்?" என்று ஒரு சின்னவர் கேட்டார். 1842இல் வேலையை மீண்டும் தொடங்கி, 1880இல் 157 மீட்டர் உயரத்துக்குக் கட்டி முடித்தார்கள்.

அதே தெற்குக் கோபுரத்தில்தான், 533 படிகள் ஏறும் சுழல் படிக்கட்டில், நம் மாணவர் ஒருவர் வீட்டுத் திறப்பால் தன் பெயரைச் சுவரில் கீறியிருக்கிறார். வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் விட்டுவிடும் மெய்யெழுத்துப் புள்ளியை அங்கே மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்.

பிள்ளை செய்தது பிள்ளைப் புத்தி. எனக்கு வருத்தம், அந்தப் படம் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் பெரியவர்கள் சிலர் கைதட்டியதுதான். "சுவர் முழுக்க ஏற்கெனவே எழுதித்தானே கிடக்குது" என்றார் ஒருவர். உண்மைதான். ஆனால் கோபுரத்தின் பழைய பகுதிக் கற்கள் டிராகன்ஃபெல்ஸ் மலையில் வெட்டி, ரைன் ஆற்றில் படகேற்றிக் கொண்டுவந்தவை. சிதைந்த கற்களைச் செதுக்கி மாற்றுவதற்கென்றே பேராலயத்துக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இன்றும் இயங்குகிறது. சாரம் கட்டாத பேராலயத்தைப் பார்ப்பதே அரிது. அவர்களுக்கு நாமும் வேலை வைக்கலாமா?

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அந்தப் படத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள். இனி இப்படிச் செய்யும் பிள்ளை அடுத்த பயணத்துக்கு வர முடியாது, யாருடைய பிள்ளையானாலும் சரி.

அந்த மாணவரோடு நான் பேசிவிட்டேன், அழுதும்விட்டார். வீட்டில் மறுபடி ஏச வேண்டாம்.

பாதிப் படியில் கால் உளைந்து உட்கார்ந்த சின்னவர்களைத் தூக்கி வந்த அப்பாமாருக்கும், ரயிலில் எல்லோருக்கும் ரோல்ஸ் கொடுத்த அம்மாமாருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்க முடியாது.

அப்புறம், ஒரு சிவப்புத் தொப்பி என் மேசையில் இருக்கிறது. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்